எதிரி கிளப்புக்கே பையனை விற்பது ஏன்? அகாடமி கணக்கு, மான்செஸ்டர் முதல் மஞ்சக்குப்பம் வரை

66 ஆயிரம் பவுண்டு. அப்புறம் 80 லட்சம் பவுண்டு. அப்புறம் 7.3 கோடி பவுண்டு. மூன்றும் ஒரே கால்பந்துப் பையனின் விலை, அதுவும் சுமார் ஆறு வருஷ இடைவெளியில்.

இங்கிலாந்தின் ஜேடன் சான்சோ 2015-ல், 14 வயதில், வாட்ஃபோர்டு கிளப்பின் அகாடமியில் இருந்து மான்செஸ்டர் சிட்டிக்குப் போனபோது கைமாறிய ஆரம்பத் தொகை முதலாவது. 2017-ல் சிட்டி அவரை ஜெர்மனியின் டோர்ட்மண்டுக்கு விட்டது ஏறத்தாழ இரண்டாவது தொகைக்கு. 2021-ல் டோர்ட்மண்டிடம் மூன்றாவது தொகையைக் கொட்டிக்கொடுத்து வாங்கியது யார் தெரியுமா, சிட்டியின் பரம எதிரியான மான்செஸ்டர் யுனைடெட். அந்தப் பணத்திலும் ஒரு பங்கு சிட்டி கல்லாவுக்கே போய்ச் சேர்ந்தது, ஏனென்றால் 2017-ல் விற்கும்போதே 'நாளைக்கு நீங்கள் யாருக்கு விற்றாலும் எங்களுக்கு ஒரு பங்கு' என்று எழுதி வாங்கியிருந்தார்கள்.

புதுச்சேரி உப்பளம் மைதானத்திலோ கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்திலோ சாயங்காலம் ஆடுகிற பிள்ளைகளின் முதுகில் சிட்டி, செல்சி, பார்சிலோனா, பாரிஸின் பிஎஸ்ஜி என்று எல்லாப் பெயரும் இருக்கும். அவர்களுக்குப் புரியாத விஷயம் ஒன்றுதான். 2023-ல் சிட்டி தன் சொந்த அகாடமிப் பையன் கோல் பால்மரை செல்சிக்கு விற்றது, அதே கோடையில் செல்சி ஆறு வயதில் இருந்து வளர்த்த மேசன் மவுன்ட்டை யுனைடெட்டுக்கு விற்றது. வளர்த்த பிள்ளையை எதிராளி வீட்டுக்கே தாரை வார்ப்பார்களா என்றால், வார்ப்பார்கள். அப்படிச் செய்யத் தூண்டுகிற விதிகள் இருக்கின்றன. அடியில் இருந்து பார்ப்போம்.

முதலில், 'அகாடமி' என்கிற பலகை

குழப்பத்தில் பாதி இந்தச் சொல்லில்தான். ஒரே பலகைக்குப் பின்னால் மூன்று வெவ்வேறு விஷயங்கள் இருக்கலாம்.

1. தொழில்முறை கிளப்பின் சொந்த அகாடமி. இங்கிலாந்தில் ஒன்பது வயதுக்குட்பட்டோர் அணியில் தொடங்கி 21 வரை போகும். பையன் கட்டணம் கட்டுவதில்லை, செலவு முழுக்க கிளப்புடையது. பதிலுக்கு பையனின் பதிவு, அதாவது அவன் எந்த கிளப்பின் ஆட்டக்காரன் என்கிற அதிகாரபூர்வக் குறிப்பு, கிளப்பின் கையில் இருக்கும். வேறு கிளப் அவனைக் கூட்டிக்கொண்டு போனால் இழப்பீடு கொடுக்க வேண்டும். பெரும்பாலான பையன்கள் வழியிலேயே கழற்றிவிடப்படுவார்கள், அது வேறு கதை.

2. கட்டணப் பயிற்சிப் பள்ளி. வாசலில் ஐரோப்பிய கிளப்பின் சின்னம்கூட இருக்கலாம், பெயரை வாடகைக்குக் கொடுத்திருப்பார்கள். பிள்ளை நன்றாக ஓடியாடி வியர்க்கும், நல்லதுதான். ஆனால் சின்னம் மாட்டிய கிளப்புக்கும் அந்தப் பிள்ளைக்கும் பதிவு உறவு எதுவும் கிடையாது.

3. விடுதி, அரசு மையம், அறக்கட்டளை வகை. விளையாட்டோடு படிப்பும் சாப்பாடும் சேர்ந்தது. கடலூரில் பெண் பிள்ளைகளை வளர்த்தெடுத்த இந்திரா காந்தி விளையாட்டு மற்றும் கல்வி அகாடமி இந்த வகை.

எதிரி கிளப்புகளின் சண்டை முதல் வகையில்தான் நடக்கிறது.

பையன் யார் பக்கம்? தூரத்தை வைத்துத் தீர்ந்த காலம்

இங்கிலாந்தில் 2012 வரை ஒரு விதி இருந்தது: அகாடமிப் பையன் வீட்டில் இருந்து 90 நிமிடப் பயண தூரத்துக்குள் கிளப் இருக்க வேண்டும், இன்னும் சின்னப் பிள்ளை என்றால் ஒரு மணி நேரம். நம் ஊருக்குப் பொருத்திப் பாருங்கள். கடலூர்ப் பையன் புதுச்சேரிக்குப் போகலாம், 25 கிலோமீட்டருக்குள்தான். ஆனால் இசிஆரில் மூன்று மணி நேரம் தள்ளி இருக்கிற சென்னை கிளப் அவனைத் தொடவே முடியாது. இதனால் நடந்த நன்மை, சின்ன ஊர் கிளப்புக்கு அதன் சுற்றுவட்டாரப் பிள்ளைகள் பத்திரமாக இருந்தார்கள். தீமை, திறமையான பையன் சுமாரான கோச்சிடம் மாட்டிக்கொண்டால் அவ்வளவுதான்.

2012-ல் இங்கிலாந்தின் முதல் நிலை லீக்கான பிரீமியர் லீக் கொண்டுவந்த புதுத் திட்டம் இதை மாற்றியது. ஆங்கிலத்தில் அதன் சுருக்கப் பெயர் ஈபிபிபி. சாரம் இதுதான்:

1. அகாடமிகளை வசதி, கோச் எண்ணிக்கை, படிப்பு ஏற்பாடு பார்த்து நான்கு வகையாகப் பிரித்தார்கள். முதல் வகைக்கு ஆகிற செலவைப் பெரிய கிளப்தான் தாங்கும்.
2. அந்த முதல் வகை கிளப்புகளுக்கு, 12 வயதைத் தாண்டிய பையன்கள் விஷயத்தில் தூரக் கட்டுப்பாடு தளர்ந்தது. நாட்டில் எங்கே இருந்தும் எடுக்கலாம்.
3. இழப்பீட்டை நடுவர் மன்றம் பேசித் தீர்மானித்த காலம் போய், விலைப்பட்டியல் மாதிரி ஒன்று வந்தது. தொடக்கத்தில் 9 முதல் 11 வயது வரைக்கு வருஷத்துக்கு 3 ஆயிரம் பவுண்டு, 12 முதல் 16 வரைக்கு அகாடமியின் வகையைப் பொறுத்து வருஷத்துக்கு 12,500 முதல் 40 ஆயிரம் பவுண்டு. பையன் பின்னால் பெரிய ஆட்டங்கள் ஆடினால் கூடுதல் தொகை.

மூன்றாவது விஷயம்தான் விஷயம். ஏழு வயதில் இருந்து வளர்த்த வாட்ஃபோர்டு கையில் 66 ஆயிரத்தைத் திணித்து சான்சோவை சிட்டி கூட்டிப் போனது இந்தக் காலத்தில்தான். லண்டனின் பிரென்ட்ஃபோர்டு கிளப் இன்னும் கடுப்பாகி, 'நாங்கள் வளர்ப்போம், பெரியவர்கள் வந்து சல்லிசாக எடுத்துப் போவார்கள், எதற்கு இந்த வேலை' என்று 2016-ல் அகாடமியையே மூடியது. பதிலுக்கு ஒரு பி அணி, அதாவது கிளப்பின் இரண்டாம் அணி, வைத்து, மற்ற அகாடமிகள் கழற்றிவிட்ட 17, 18 வயதுப் பையன்களைப் பொறுக்கியது. சில வருஷம் கழித்து மறுபடி திறந்தார்கள் என்பது உண்மை, ஆனாலும் அந்த மூடல் ஒரு விதியின் மேல் வைத்த விமர்சனம்தான்.

இதோடு பிரெக்ஸிட், அதாவது பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியது, சேர்ந்தது. முன்பெல்லாம் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 16 வயதுப் பையனை நாடு விட்டு நாடு எடுக்கலாம், அப்படித்தான் பார்சிலோனாவின் ஃபாப்ரகாஸ் 2003-ல் ஆர்சனலுக்கும், பிக்கே 2004-ல் யுனைடெட்டுக்கும் போனார்கள். 2021 ஜனவரியில் இருந்து இங்கிலாந்து கிளப்புகளுக்கு அந்தக் கதவு அடைபட்டது, 18 ஆகாத வெளிநாட்டுப் பையனைத் தொட முடியாது. வெளியே கதவு அடைத்தால் சண்டை வீட்டுக்குள் வரும். ஒரே நகரத்தில், ஒரே தெருவில், ஒரே பையனுக்கு இரண்டு கிளப்பின் ஆட்கள் டீ குடித்துக்கொண்டு காத்திருப்பது அதிகமானது இதனால்தான்.

மான்செஸ்டரில் இரு தரப்பும் பெற்றோரிடம் வைக்கிற பேச்சே வேறு. சிட்டி 2014 டிசம்பரில் 20 கோடி பவுண்டு செலவில் திறந்த வளாகத்தைக் காட்டும். யுனைடெட் சரித்திரத்தைக் காட்டும்: 1937 அக்டோபரில் இருந்து ஒவ்வொரு ஆட்டத்தின் அணிப் பட்டியலிலும் குறைந்தது ஒரு அகாடமிப் பையன் பெயராவது இருந்திருக்கிறது. போர், விமான விபத்து, இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது எல்லாவற்றையும் தாண்டி அறுபடாத சங்கிலி. ஒரு அப்பாவை மயக்க இது போதும், ஆனால் அந்தச் சங்கிலியில் தன் பையன் ஒரு கண்ணியா என்று யாராலும் சொல்ல முடியாது.

கணக்குப் புத்தகத்தில் சைபர்

இப்போது முக்கியமான இடம். பால்மரை ஏன் விற்றார்கள், மவுன்ட்டை ஏன் விற்றார்கள் என்பதற்குப் பாதி பதில் கணக்கப்பிள்ளையிடம் இருக்கிறது.

பண்ருட்டிச் சந்தையில் இரண்டு பேர் பலாப்பழம் விற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் வியாபாரி, 200 ரூபாய்க்கு வாங்கி 300-க்கு விற்றால் லாபம் 100. இன்னொருவர் தோப்புக்காரர், தன் மரத்துப் பழத்தை 300-க்கு விற்றால் அன்றைய கணக்கில் 300-ம் லாபம். அப்படியானால் பத்து வருஷம் மரத்துக்கு ஊற்றிய தண்ணீரும் உரமும்? அவை அந்தந்த வருஷமே செலவு என்று எழுதி முடிக்கப்பட்டுவிட்டன, பழத்தின் தலையில் ஏறவில்லை.

கிளப் கணக்கும் அச்சாக இதுதான். வெளியில் இருந்து 60 கோடிக்கு ஐந்து வருஷ ஒப்பந்தத்தில் ஒரு ஆட்டக்காரரை வாங்கினால், கணக்கில் வருஷத்துக்கு 12 கோடியாகப் பிரித்துக் கழிப்பார்கள். இரண்டு வருஷம் கழித்து அவரது புத்தக மதிப்பு 36 கோடி. 50-க்கு விற்றால் லாபம் 14. அதே 50 கோடிக்கு அகாடமிப் பையனை விற்றால் அவன் புத்தக மதிப்பு சைபர், எனவே 50-ம் லாபம், அதுவும் இந்த வருஷக் கணக்கிலேயே.

சரி, லாபத்துக்கு ஏன் இந்த அவசரம்? இந்த விற்பனைகள் நடந்த காலத்து பிரீமியர் லீக் விதிப்படி மூன்று சீசனில் சேர்த்து அதிகபட்சம் 10.5 கோடி பவுண்டு நஷ்டம்தான் காட்டலாம். மீறினால் லீக் அட்டவணையில் புள்ளிகள் போகும், வெறும் மிரட்டலாக இருந்த காலம் முடிந்துவிட்டது: 2023-24 சீசனில் எவர்டனுக்கு முதலில் 10 புள்ளி வெட்டி, மேல்முறையீட்டில் 6 ஆக்கி, அப்புறம் வேறொரு கணக்குக்காக இன்னும் 2 வெட்டினார்கள். நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டுக்கு 4. ஜூன் 30 நெருங்க நெருங்க கணக்கை நேர்செய்ய வேண்டிய கிளப்புக்கு, அலமாரியில் இருப்பதிலேயே நல்ல சரக்கு அகாடமிப் பையன்தான்.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. அகாடமிக்குச் செலவழித்த பணத்தை அந்த நஷ்டக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று அதே விதி சலுகை கொடுத்தது, இளம் வீரர்களை வளர்க்க ஊக்கமாம். வளர்ப்புச் செலவு கணக்கில் வராது, விற்ற பணம் முழுசாக வரும். இரண்டையும் கூட்டினால் கிடைப்பது, வளர்த்து விற்பதற்கான ஊக்கம். விதி போட்டவர்கள் நினைத்தது இதுவாக இருக்காது, ஆனால் நடந்தது இது. பால்மர் 4 கோடி பவுண்டுக்கும் மேல், மவுன்ட் 5.5 கோடி பவுண்டு. சிட்டிக்கு அப்போது புள்ளி பயம் இருந்ததாகத் தெரியவில்லை, பையனுக்கு நிலையான இடம் வேண்டியிருந்தது, விலையும் நன்றாக வந்தது. செல்சியின் நிலை அப்படி இல்லை, வாங்கிக் குவித்ததற்கு ஈடாக எதையாவது விற்றாக வேண்டியிருந்தது.

யுனைடெட் மட்டும் என்ன? ஐந்து வயதில் இருந்து அங்கேயே இருந்த ஸ்காட் மெக்டாமினேயை 2024-ல் நாப்போலிக்கு விற்றார்கள். அவர் முதல் சீசனிலேயே இத்தாலி லீக் கோப்பையையும் வென்று லீக்கின் சிறந்த வீரராகவும் ஆனார். கணக்கில் லாபம், களத்தில் நஷ்டம்.

பார்சிலோனா ஒரு பக்கம், மாட்ரிட் ஒரு பக்கம்

ஸ்பெயினில் இதே கேள்விக்கு இரண்டு எதிரிகளும் நேர்மாறான பதில் வைத்திருக்கிறார்கள்.

பார்சிலோனாவின் லா மாசியா, 1702-ல் கட்டிய பழைய பண்ணை வீடு. 1979-ல் வெளியூர்ப் பிள்ளைகளுக்கான விடுதியாக மாற்றினார்கள், 2011-ல் புதுக் கட்டடத்துக்குப் போனார்கள், பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. எட்டு வயது அணியும் முதல் அணியும் ஒரே பாணியில் ஆட வேண்டும் என்பது அங்கே கொள்கை, அதனால் மேலே ஏறும் பையன் புதிதாக எதையும் கற்க வேண்டியதில்லை. 2010-ல் உலகின் சிறந்த வீரர் விருதுக்கு இறுதியில் நின்ற மூவரும், மெஸ்ஸி, இனியெஸ்டா, சாவி, இங்கே இருந்து வந்தவர்கள். 2012 நவம்பர் 25 அன்று லெவான்டேக்கு எதிராக டானி ஆல்வெஸ் காயமாகி வெளியேற, மார்ட்டின் மொன்டோயா உள்ளே வந்ததும் களத்தில் இருந்த பதினொரு பேருமே லா மாசியா ஆட்கள்.

அப்புறம் சில வருஷம் பார்சிலோனா இதை மறந்து கோடி கோடியாக வெளியே இறைத்தது. 2021-ல் கஜானா காலி, மெஸ்ஸியையே வைத்துக்கொள்ள முடியவில்லை. வேறு வழியில்லாமல் மறுபடி விடுதிப் பக்கம் திரும்பியபோது கிடைத்தவர்கள் காவி, குபார்சி, 2023 ஏப்ரலில் 15 வயதில் முதல் ஆட்டம் ஆடிய லாமின் யமால். இதைத் தத்துவம் என்று பாராட்டுகிறவர்கள் கொஞ்சம் வறுமையையும் சேர்த்துப் பாராட்ட வேண்டும்.

ரியல் மாட்ரிட் அகாடமியின் செல்லப் பெயர் லா ஃபாப்ரிகா, தொழிற்சாலை என்று அர்த்தம். பெயருக்கு ஏற்ற நடத்தை. பையன்களை உருவாக்கும், விற்கும், விற்கும்போது 'திரும்ப வாங்கும் உரிமை எங்களுக்கு' என்று ஒரு ஷரத்து வைக்கும். கார்வகால் 2012-ல் லெவர்குசனுக்குப் போய் 2013-ல் திரும்பினார், மொராட்டா 2014-ல் யுவென்டஸ் போய் 2016-ல் திரும்பினார். அடுத்தவன் செலவில் பையன் பழுத்து வருவான், பழுக்காவிட்டால் அடுத்தவன் பாடு. சில சமயம் கை நழுவியும் போகும். அஷ்ரஃப் ஹக்கீமியை 2020-ல் இத்தாலியின் இன்டருக்கு விற்றார்கள், அங்கே இருந்து பிஎஸ்ஜி போய், 2025 சாம்பியன்ஸ் லீக் இறுதியில் அதே இன்டருக்கு எதிராக முதல் கோலை அடித்தார். புதுச்சேரியில் பிஎஸ்ஜி சட்டை போட்ட பிள்ளைகளுக்கு இது நன்றாகவே நினைவிருக்கும்.

ஸ்பெயினில் பி அணி லீக்கிலேயே ஆடலாம், முதல் அணி இருக்கும் டிவிஷனில் மட்டும் கூடாது. 1980-ல் ரியல் மாட்ரிட்டின் இரண்டாம் அணியான காஸ்டியா, ஸ்பெயின் கோப்பை இறுதிவரை வந்து சொந்த முதல் அணியிடமே 6-1 என்று தோற்ற கூத்தும் நடந்திருக்கிறது. இங்கிலாந்து லீக்கில் பி அணிக்கு இடமில்லை, அதனால் அங்கே பையன்களை லோனில், அதாவது வேறு கிளப்புக்குத் தற்காலிகமாகக் கடன் கொடுத்து, ஊர் ஊராக அனுப்புகிறார்கள்.

ஸ்பெயினின் வடக்கே இருக்கும் பாஸ்க் பகுதியின் எதிரிகளைப் பற்றி ஒரே வரி: அத்லெடிக் பில்பாவோ பாஸ்க் ஆட்களை மட்டுமே ஆடவைக்கும், ரியல் சோசிடாட் 1989-ல் அயர்லாந்தின் ஜான் ஆல்ட்ரிட்ஜை எடுத்து அந்த வழக்கத்தை விட்டது.

முதலில் வளர்த்த சின்ன கிளப்புக்கு என்ன கிடைக்கும்?

இங்கேதான் நமக்கு நேரடியாகச் சம்பந்தமுள்ள விதி வருகிறது. உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா இதை ஒற்றுமைப் பங்கு என்கிறது. ஒரு நாட்டு கிளப்பில் இருந்து இன்னொரு நாட்டு கிளப்புக்கு ஒருவர் விலைக்குப் போனால், அந்த விலையில் 5 சதவீதம், அவரை 12 வயது முதல் 23 வயது வரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரித்துத் தரப்பட வேண்டும். 12 முதல் 15 வரை சீசனுக்கு 0.25 சதவீதம், 16 முதல் 23 வரை சீசனுக்கு 0.5 சதவீதம். சான்சோவை யுனைடெட் வாங்கியபோது வாட்ஃபோர்டுக்கும் இதில் பங்கு உண்டு.

தேவனாம்பட்டினத்துப் பையன் ஒருவன் 12 வயதில் இருந்து மூன்று சீசன் கடலூர் கிளப் ஒன்றில் ஆடினான், பின்னாளில் வெளிநாட்டு கிளப் அவனை 10 கோடி ரூபாய்க்கு வாங்கியது என்று வையுங்கள். மூன்று சீசனுக்கு 0.75 சதவீதம், 7.5 லட்சம் ரூபாய். பந்துக்கும் வலைக்கும் நன்கொடை கேட்டு அலைகிற கிளப்புக்கு அது எத்தனை வருஷச் செலவு என்று அவர்களையே கேளுங்கள். இன்னொரு நாட்டுக்கு மறுபடி விலைக்குப் போனால் மறுபடி பங்கு வரும்.

மூன்று இடத்தில் இது கவிழும்.

1. ஒப்பந்தம் முடிந்து இலவசமாகப் போனால் சைபரில் 5 சதவீதம் சைபர்தான். 2024-ல் எம்பாப்பே பிஎஸ்ஜியில் இருந்து மாட்ரிட்டுக்குப் போனது அப்படித்தான்.
2. வளர்த்ததும் இந்திய கிளப், விற்றதும் வாங்கியதும் இந்திய கிளப்புகள் என்றால் ஃபிஃபாவின் இந்த 5 சதவீதம் பொருந்தாது.
3. பையன் உங்களிடம் ஆடினான் என்பதற்குப் பதிவு வேண்டும். 2022 நவம்பரில் இருந்து ஃபிஃபாவின் தீர்வகம் ஒன்று பாரிஸில் இயங்குகிறது, அது ஒவ்வொரு வீரரின் மின்னணுப் பதிவேட்டைப் பார்த்துத்தான் யாருக்கு எவ்வளவு என்று பிரிக்கிறது. குழு போட்டோவையும் கோப்பையையும் காட்டினால் செல்லாது.

நம் பக்கம் வந்தால்

நமக்கு அருகில் இருக்கும் எதிரி ஜோடி சென்னையின் எஃப்சியும் பெங்களூரு எஃப்சியும். ஐரோப்பாவில் அகாடமி என்பது விற்று லாபம் பார்க்கிற இடம், இங்கே விற்பனை விலையே சொற்பம் என்பதால் அகாடமி முழுக்க செலவுப் பக்கம்தான். லீக் உரிமைச் சிக்கலில் இந்தியாவின் முதல் நிலை லீக்கான ஐஎஸ்எல் தொங்கலில் நின்ற 2025 ஆகஸ்டில் பெங்களூரு முதல் அணியின் சம்பளத்தையே நிறுத்தியது, ஆனால் விடுதியில் தங்கிப் பயிலும் இளையோர் அணிகளும் பயிற்சிப் பள்ளிகளும் தொடரும் என்றது. பாராட்ட வேண்டிய முடிவு. ஆனால் முதல் அணி எப்போது ஆடும் என்றே தெரியாதபோது 17 வயதுப் பையன் எதை நோக்கி ஏறுவான் என்பது பதில் இல்லாத கேள்வியாக நின்றது.

இன்னொரு உள்ளூர்ச் சிக்கல். புதுச்சேரிக்குத் தனிச் சங்கம், தமிழ்நாட்டுக்குத் தனிச் சங்கம், மாநிலங்களுக்கு இடையிலான சந்தோஷ் டிராபியில்கூட இரண்டும் தனித்தனி அணி. கடலூர்ப் பையன் 25 கிலோமீட்டர் தள்ளிப் புதுச்சேரி கிளப்புக்கு மாறினால் அது காகிதத்தில் மாநிலம் விட்டு மாநிலம் மாறுவது. இதை யோசிக்காமல், பதிவை மாற்றாமல், பழகிய கோச் கூப்பிட்டார் என்று அங்கே ஆடுவது சாதாரணம். அந்த மாதங்கள் பதிவேட்டில் எந்த கிளப்பின் பெயரிலும் சரியாக விழாது.

பெண்கள் பக்கம் கணக்கே வேறு. வீரரை வளர்த்த கிளப்புக்கு ஃபிஃபா தருகிற பயிற்சி இழப்பீடு என்று இன்னொரு ஏற்பாடு உண்டு, அது மகளிர் கால்பந்துக்குப் பொருந்தாது என்று விதிப் புத்தகமே சொல்கிறது. அப்படியும் கடலூர் இந்திய அணிக்கு ஆட்களை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. இந்துமதி கதிரேசன் இந்திய நடுக்களத்தில் ஆடியவர், தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர். தமிழ்நாடு மகளிர் அணி 2018-ல் முதல்முறை தேசியக் கோப்பையை வென்றதில் இந்த மாவட்டத்துப் பெண்களுக்குப் பெரிய பங்கு உண்டு. இங்கே அகாடமியின் விளைச்சல் டிரான்ஸ்பர் தொகை அல்ல, படிப்பும் அரசு வேலையும். பார்சிலோனா அளவுகோலை வைத்து இதை அளப்பது அபத்தம், சில விதத்தில் இது மேலானதும்கூட.

கடைசியாக, ஸ்பெயின் ட்ரயல்ஸ், போர்ச்சுகல் அகாடமி என்று லட்சக்கணக்கில் கேட்கிற ஏஜென்ட்களுக்காக. ஃபிஃபாவின் 19-வது விதிப்படி 18 வயது ஆகாதவரை நாடு விட்டு நாடு பதிவு செய்ய முடியாது. பெற்றோர் கால்பந்துக்குச் சம்பந்தமில்லாத காரணத்துக்காகக் குடிபெயர்ந்தால் என்பது போன்ற சில விலக்குகள்தான் உண்டு. இதை மீறியதற்காக 2014-ல் பார்சிலோனா, 2016-ல் ரியல் மாட்ரிட்டும் அத்லெடிகோவும், 2019-ல் செல்சி என்று பெரிய பெரிய கிளப்புகளே ஆட்களை வாங்கத் தடை வாங்கியிருக்கின்றன. 15 வயதில் அனுப்பினால் பையன் அங்கே பயிற்சி எடுக்கலாம், நட்பு ஆட்டம் ஆடலாம், ஆனால் லீக் ஆட்டத்துக்கான பதிவு கிடைக்காது.

பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை:

1. என் பையனின் பதிவு எந்த கிளப் பெயரில், எந்தச் சங்கத்தின் கீழ் இருக்கும்?
2. அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தின் இணையப் பதிவில் அவன் பெயர் ஏறியதும் பதிவு எண்ணைக் காட்டுவீர்களா?
3. இந்த சீசனில் அவன் எந்த லீக்கில், ஏறத்தாழ எத்தனை ஆட்டம் ஆடுவான்?
4. சின்னத்தில் இருக்கும் வெளிநாட்டு கிளப்புக்கு அவன் பெயர் தெரியுமா?

நான்காவதுக்குப் பெரும்பாலும் சிரிப்புதான் பதிலாக வரும். இரண்டாவதுக்குச் சிரித்தால் வேறு இடம் பாருங்கள்.